வெள்ளை மெத்தை

"சக்கரத்த வெளிய வுட்டுட்டு வாங்கம்மா. தெருவுல பட்டது எதுவும் மெத்தமேல ஏறக் கூடாது."

"சக்கரத்த வுட்டுட்டா நான் எதுல வர்றது?"

சிவபாலன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். அந்தப் பட்டுக்கடை முழுக்க வெள்ளை மெத்தை விரித்திருக்கும். புடவை எடுக்க வருகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு அதில் உட்கார வேண்டும். வாசலில் போர்டே எழுதி மாட்டியிருந்தான். மெத்தையில் கறை விழாமல் காப்பதுதான் சூப்பர்வைசர் சிவபாலனின் பெருமை.

சக்கர நாற்காலிப் பெண் சிரித்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. முதலாளி காலையில் சொல்லியிருந்தார்: "மாற்றுத்திறனாளிங்க வந்தா எப்படி நடந்துக்கணும்னு கிளாஸ் எடுக்க, அவங்கள்ல ஒருத்தரே வர்றாங்க. நல்லபடியா முடிஞ்சா வாலாஜாபாத் கிளைக்கு நீதான் மேனேஜர்."

"ஐயோ, மேடம்! நீங்களா?"

"நான் ஏலவார்குழலி," என்றாள் அவள், ஒன்றும் புரியாமல்.

சிவபாலன் சக்கரங்களைக் கழுவினான். தண்ணீர் சொட்டியது, பட்டுக்கு ஆகாது. பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினான். துணி சிக்கிக்கொண்டு நாற்காலி அசையவே மறுத்தது.

"முத்துக்குமார், வேணுகோபால்! ஓடியாங்கப்பா, தூக்குங்க!"

"என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்று அவள் முடிப்பதற்குள் நாற்காலி மேலே போய்விட்டது.

அந்த இருவரும் பங்குனித் திருவிழாவில் சாமி தூக்குகிறவர்கள். பாரம் ஏறியதும் கால்கள் தாமாகவே ஆட்டம் பிடித்தன. முன்னால் இரண்டடி, பின்னால் ஓரடி, இடமும் வலமுமாக ஓர் அசைவு. மூலையில் மடி மறையப் புடவைகளைக் குவித்துக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்த கண்ணாடிக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இறக்குங்கப்பா! எவனாவது குடை புடிக்க வர்றதுக்குள்ள இறக்குங்க!" என்று மேலிருந்து கத்தினாள் ஏலவார்குழலி.

வாசலிலேயே இறக்கினார்கள்.

"மெத்தைய ஓரமா சுருட்ட முடியாதா? நான் வர்ற அளவுக்குப் போதும். புடவைய அந்த மேஜமேல போடுங்க."

சிவபாலன் மெத்தையையே பார்த்துக்கொண்டு நின்றான். அது சுருளும் என்பது இத்தனை வருடத்தில் அவனுக்குத் தோன்றியதே இல்லை. சுருட்டினான். ஏலவார்குழலி தானே உருட்டிக்கொண்டு மேஜைக்கு வந்தாள். முட்டிவலியோடு கீழே உட்கார்ந்திருந்த இரண்டு அம்மாக்களும், "எங்களுக்கும் நாற்காலி போடுப்பா" என்று எழுந்து வந்துவிட்டார்கள்.

சிவபாலனுக்கு மனம் நிறைந்துவிட்டது. வாலாஜாபாத் கண்ணுக்குத் தெரிந்தது. ஊழியர்களை எல்லாம் வரிசையாக உட்காரவைத்தான்.

"ஆரம்பிங்க மேடம்!"

"என்னாத்த ஆரம்பிக்கிறது? தம்பி கல்யாணத்துக்கு அரக்குல ஒரு புடவ எடுக்க வந்தேன்பா. வந்ததுலேர்ந்து ஒண்ணக்கூடக் கண்ணுல காட்டல!"

"அப்போ... கிளாஸ் எடுக்க வர்றவங்க?"

மூலையிலிருந்த கண்ணாடிக்காரர் மடியில் கிடந்த புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"நான்தான் சார். கடை தொறந்ததுமே வந்துட்டேன். உங்க ஆளுங்க புடவயா போட்டுக்கினே இருந்தாங்க, நல்லாத்தான் இருந்துச்சு. உங்க போர்டப் படிச்சேன். என் ஷூ தனியா கழறாது. செருப்பு ஸ்டாண்டுல பாருங்க, ஷூவோட என் எடது காலும் நிக்குது. கொஞ்சம் எடுத்தாரச் சொல்றீங்களா?"