கண்மாய்க்கு மேலே பிள்ளையார் சுழி

அவனியாபுரம் கண்மாயைக் காணவில்லை. ஒத்தக்கடைக் கண்மாயும் போன இடம் தெரியவில்லை. ஸ்ரீஜா மடிக்கணினியை உற்றுப் பார்த்தாள். குறிப்புச் செயலியில் பக்கங்களின் பெயர் வரிசை முழுக்க ஒரே எழுத்து நின்றது. உ. உ. உ.

கண்மாய்த் தண்ணீரின் உப்பும் கலங்கலுமாக மூன்று வருடம் சேர்த்த ஆய்வுக் குறிப்புகள். பக்கத்தின் முதல் வரியைத்தான் செயலி தலைப்பாக எடுத்துக்கொள்ளும். யாரோ உச்சியில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டார்கள். அங்கங்கே ஏழெட்டுப் பக்கம்தான் தப்பியிருந்தது.

யாரோ என்ன யாரோ. மின்சார அட்டையிலிருந்து மாத்திரைப் பெட்டிவரை சுழி போடுகிறவர் இந்தப் பழங்காநத்தம் வீட்டில் ஒருவர்தான். வீட்டில் எல்லோருக்கும் அந்தச் செயலியில் ஒரே கணக்கு வேறு.

"அப்பா!"

ஹாலாஸ்யம் பேப்பரும் கையுமாக வந்தார். "ஏம்மா இந்தக் கத்து கத்துற?"

"என் நோட்ஸ்ல கை வச்சீங்களா?"

"நான் என் பக்கத்துல ஸ்தோத்திரம் எழுதுறதோட சரி."

"அப்ப இந்தச் சுழி தானா முளைச்சுச்சா?"

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு. போட்டா என்ன தப்பு?"

அது போதும் அவளுக்கு.

இன்று சாயங்காலத்துக்குள் அவளுடைய ஆய்வு வழிகாட்டி கனகலட்சுமி மேடம் குறிப்புகளைப் படித்து முடித்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். விட்டால் இன்னும் ஆறு மாதம். மேடம் வீட்டிலிருந்தே படிக்கவும் திருத்தவும் ஸ்ரீஜா அந்த நோட்டைத் திறந்து விட்டிருந்தாள். ஆயுத பூஜைக்கு மைக்ராஸ்கோப் லென்ஸில் சந்தனம் வைத்த மாணவனை வராண்டாவரை விரட்டியவர் மேடம். இதைப் பார்த்தால்?

"மூணு வருஷம் வெயில்ல அலைஞ்சு சேத்ததுப்பா! விளையாட்டா உங்களுக்கு?"

முதலில் பாஸ்வேர்டை மாற்றினாள். உடனே அடுப்படியிலிருந்து அம்மா சாவித்ரியின் குரல்.

"ஏண்டி, போன்ல என் நோட்டைக் காணோம்! பொடிக்கு மல்லி எம்புட்டுன்னு அதுலதான் எழுதியிருக்கேன். மிளகா கருகுது!"

"ஒரு நாளைக்குக் கண்ணளவுல போடும்மா!"

"போட்டா நீ சாப்பிடுவியா?"

உதவுவதாக நினைத்து ஹாலாஸ்யம் மனைவியின் போனில் பழைய பாஸ்வேர்டை விடாமல் அடித்தார். செயலி அவரைத் திருடன் என்று முடிவு கட்டிக் கணக்கையே பூட்டியது. ஸ்ரீஜாவும் வெளியே நின்றாள்.

"யாரும் எதையும் தொடாதீங்க!"

வகுப்பில் சந்தேகம் கேட்கக்கூட வாய் திறக்காத பெண். அந்தக் குரலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

போனுக்கு வந்த எண்ணைப் போட்டு உள்ளே போவதற்குள் வீடெல்லாம் மிளகாய் நெடி. இருமிக்கொண்டே ஒவ்வொரு சுழியாக அழித்தாள். கண்மாய்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கடைசிச் சுழியை அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழித்தாள்.

"பிள்ளையாரை அழிச்சிட்டியேம்மா."

"ஆமா, அழிச்சேன். இனியும் அழிப்பேன்."

போன் அடித்தது. மேடம். பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டாள்.

"ஸ்ரீஜா, படிச்சு முடிச்ச பக்கத்துக்கெல்லாம் அடையாளமா மேல ஒரு பிள்ளையார் சுழி போட்டு வச்சிருந்தேன், மிச்சம் ஏழெட்டுதான்னு காப்பி குடிச்சிட்டு வந்து பார்த்தா ஒரு சுழியக்கூடக் காணோம், எந்த வேலையத்தவன்மா அழிச்சது?"