வாஷிங் மெஷின் சங்கீதம்

"உள்ளே என்னடா சத்தம்?"

கதவைத் திறந்த தந்தியின் முகத்தில் ஈயாடவில்லை. வாசலில் நின்றவன் இடி. இருவரும் பன்னிரண்டு வருடமாக ஒரே ராக் குழுவில் இருக்கிறார்கள். தந்தி கிட்டார் வாசிக்கிறான், இடி டிரம்ஸ் அடிக்கிறான். பட்டப்பெயர்கள் வந்த வழி அதுதான். வழக்கமாக இடி வந்தால் இரண்டு மாடிக்குக் கீழேயே அவன் செருப்புச் சத்தம் கேட்கும். இன்று கேட்கவில்லை. தந்தியின் ஸ்பீக்கர் அப்படி அலறிக்கொண்டிருந்தது. கதவு தட்டப்பட்ட பிறகுதான் ஒயரைப் பிடுங்கினான்.

"எந்தச் சத்தம்?"

"தும் தும்னு. மாடிப்படியிலேயே காதைப் பொளக்குது."

"அதுவா..." தந்தி எச்சிலை விழுங்கினான். "வாஷிங் மெஷின்."

இந்தப் பொய் வானத்திலிருந்து குதிக்கவில்லை. எலக்ட்ரானிக் நடன இசைக்குத் தந்தி வைத்த பெயரே 'வாஷிங் மெஷின் சங்கீதம்'. மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கி, பிறகு டீ-ஷர்ட்டில் அச்சடித்து, குழுவினர் மூன்று பேரும் மாட்டிக்கொண்டு திரிந்த வாசகம் அது.

பெரிய இசைக் கம்பெனிகளின் வாசலை மிதிக்காமல், சொந்தமாகப் பாட்டெழுதி, நாற்பது பேர் முன்னால் நானூறு பேருக்கான சத்தத்தில் வாசிக்கும் இண்டி ராக் குழு. அதற்கு ஒரே ஒரு சட்டம்தான். எழுதியவனும் தந்திதான்: 'மின்சாரம் சத்தத்தைப் பெருக்கலாம், தானே வாசிக்கக் கூடாது.' ஆறு வருடத்துக்கு முன் கீபோர்டுக்காரன் ஆசையாக ஒரு மிஷின் தாளத்தைக் கொண்டுவந்தான். கை தூக்கச் சொல்லி வாக்கெடுத்து அவனை அனுப்பிவிட்டார்கள். முதலில் எழும்பிய கை தந்தியுடையது.

அப்பேர்ப்பட்டவன் எப்படிக் கெட்டுப்போனான்? அவன் லென்ஸ் தேய்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் பக்கத்து உடற்பயிற்சிக் கூடத்துக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்; கூடத்தில் நாள் முழுக்க இதே தும் தும். முதல் வாரம் அந்தச் சுவரைப் பார்த்துச் சபித்தான். இரண்டாவது வாரம் அவனைக் கேட்காமலே கால் தாளம் போட்டது. மூன்றாவது வாரம் ஒரு நாள் கூடத்துக்கு விடுமுறை; அன்று அவன் தேய்த்த ஒரு லென்ஸும் பிரேமில் உட்காரவில்லை. அதற்கப்புறம் புதன்கிழமை அரைநாள் லீவு, பூட்டிய கதவு, ஒரு ஸ்பீக்கர். ஆசை வெட்கமறியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

அந்த இசை அவனைச் சின்னப் பிள்ளைபோலச் சந்தோஷப்படுத்தியது. ஆனால் இடி இல்லாத ஒரு சனிக்கிழமையை, ஒத்திகை இல்லாத ஒரு சனிக்கிழமையை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. விஷயம் தெரிந்தால் அவன் எழுதிய சட்டமே அவனை வெளியே தள்ளும்.

"மெஷின் நின்னுடுச்சு போலிருக்கே. வா, துணி காயப்போட நானும் கை குடுக்கறேன்" என்றான் இடி. நல்லவன். அதுதான் தொல்லை.

"இரு, இன்னும் ஒரு லோடு இருக்கு!"

தந்தி பாய்ந்து போய் ஹால் திரைச்சீலைகளைக் கம்பியோடு பிடுங்கினான்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த மனைவி, பால்கனியில் சொட்டிக்கொண்டிருந்த திரைச்சீலைகளைப் பார்த்துவிட்டு அவன் நெற்றியில் கை வைத்தாள். அவள் பிசியோதெரபிஸ்ட். கல்யாணமான ஒன்பது வருடத்தில் இந்த மனுஷன் ஒரு கைக்குட்டை அலசி அவள் பார்த்ததில்லை.

"காய்ச்சல் இல்லையே. கீழ்வீட்டு டீச்சர் சொன்னாங்க, புதன்கிழமை மத்தியானம் ஆனா நம்ம வீட்டு வாஷிங் மெஷின் கட்டடத்தையே ஆட்டுதாம். அது மெஷின் சத்தம்னு உங்க பிரெண்டுதான் படியில வச்சுச் சொல்லிட்டுப் போனாராம். நாலு மாசமாவே இப்படி ஆடுதாம்."

"ஆமா. நீ பாவம், எவ்வளவுதான் செய்வேன்னு..."

"அப்ப போன ஞாயித்துக்கிழமை நான் கூடை நிறையத் துவைச்சேனே, அது எந்தத் துணி?"

"திரும்ப அழுக்காயிருக்கும்."

அவள் மெஷினை ஓட்டிப் பார்த்தாள். பூனை மாதிரி ஓடியது.

"சத்தமே இல்லையே?"

"புதன்கிழமை மட்டும்தான் வரும்."

"மெஷினுக்குக் கிழமை தெரியுமா?"

தந்தி பால்கனிக்குப் போய்த் திரைச்சீலையைத் திருப்பிப் போட்டான். அவள் விடுகிற ஆள் இல்லை. சனிக்கிழமை எல்லோரும் இருக்கும்போது இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை ஒத்திகைக்கு இடி வந்தான். பேஸ் கிட்டார் வாசிக்கும் கட்டையண்ணனும் வந்தார். மூவரில் அவர்தான் மூத்தவர், ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர். மெஷின் சத்தம் போடாவிட்டால் குட்டு வெளிப்படும் என்று தந்தி கணக்குப் போட்டான். மனைவியின் நோயாளிகள் தூக்கிப் பழகும் இரும்பு டம்பெல் ஒன்றை, யாரும் பார்க்காதபோது துணிகளுக்கு நடுவில் செருகினான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டான்.

மெஷின் சத்தம் போட்டது, போதும் போதும் என்கிற அளவுக்கு. பிறகு மூலையை விட்டு நடந்து வந்தது. தண்ணீர்க் குழாயை அறுத்துக்கொண்டு சமையலறை வாசல்வரை வந்துதான் நின்றது. ஹாலில் கணுக்கால் நனையத் தண்ணீர். கட்டையண்ணன் ஆம்ப்ளிஃபயரைக் குழந்தைபோல இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"மெக்கானிக்கைக் கூப்பிடறேன்" என்று மனைவி போனை எடுத்தாள்.

"மெக்கானிக் எதுக்கும்மா?" என்று இடி பதறினான். "ரெண்டு நாள் விட்டா தானாச் சரியாயிடும்."

"வேண்டாம்மா. கூப்பிடாதே" என்றார் கட்டையண்ணன். அன்றைய கோட்டாவில் பாதி அதிலேயே தீர்ந்தது.

அதற்குள் அவள் கூப்பிட்டுவிட்டாள். பக்கத்துத் தெரு மெக்கானிக் அரை மணியில் வந்தார். இடியும் கட்டையண்ணனும் பால்கனியில் துணி பிழிந்துகொண்டிருந்தார்கள்; அவர் நேரே சமையலறைக்குப் போய் மெஷினுக்குள் கைவிட்டு டம்பெல்லை வெளியே எடுத்தார்.

"இதையும் துவைப்பீங்களா சார்?"

மனைவி அதையே பார்த்தாள். "என் டம்பெல்லை எதுக்குங்க உள்ளே போட்டீங்க?"

"வியர்வை நாத்தம் அடிச்சுது."

அவள் அவனை ஹாலுக்கு இழுத்து வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"உண்மையைச் சொல்லுங்க. புதன்கிழமை மத்தியானம், நான் இல்லாத நேரத்துல, இங்க யார் வர்றா?"

"ஐயையோ, யாரும் வரலைம்மா! பாட்டு!"

"பாட்டுன்னு ஒருத்தியா?"

"பாட்டு! கேக்கற பாட்டு! தும் தும்னு, டெக்னோ, ஹவுஸ், எல்லாம். ஸ்பீக்கர்ல போட்டுக் கேக்கறேன். கேக்கறது மட்டும் இல்ல, ஆடறேன்!"

பால்கனியிலிருந்து இருவரும் ஈரத்துணியோடு உள்ளே வந்து நின்றார்கள். மனைவி அவனை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவுதானா? நாசமாப் போங்க" என்று சிரித்தேவிட்டாள்.

தந்திக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு வருடம் அவன் முன்னால் ஈரத்துணியோடு நின்றது.

"உங்களை ஏமாத்திட்டேன்டா" என்றான். "கீபோர்டுக்காரனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? சட்டம் நான் எழுதினது. தூக்குங்க கையை. அண்ணே, நீங்க முதல்ல தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை.

"தூக்குடா இடி!"

இடி தன் கையிலிருந்த துணியை மறுபடியும் பிழிந்தான். அதில் தண்ணீரே இல்லை. கட்டையண்ணன் விட்டத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமி, "விடுப்பா. மனுஷனுக்கு மனசு மாறும். அந்தத் தாளத்துலயும் ஒரு இது இருக்கத்தான் செய்யுது" என்றார். அவர் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

தந்தியால் தாங்க முடியவில்லை. துரோகம் செய்தவனுக்கு இவ்வளவு பெரிய மனசா? தனக்காகத் தங்கள் கொள்கையையே விட்டுக்கொடுக்கிறார்களே! இருவரையும் சேர்த்துக் கட்டிப்பிடித்து, தேங்கிய தண்ணீரில் நின்றபடியே அழுதான். மனைவிக்கும் மறுபடி கண் கலங்கியது.

சமையலறையிலிருந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெக்கானிக் வந்தார். கட்டிப்பிடித்து நின்ற மூவரில் இடியையும் கட்டையண்ணனையும் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, ரெண்டு சாரும் இங்கதான் இருக்கீங்களா? உங்க வீட்டு மெஷின்கள்ல அந்தத் தும் தும் நின்னுடுச்சா, இல்ல இன்னும் வீட்டம்மா இல்லாத நேரமாப் பாத்துத்தான் வருதா?"