தேர் இல்லாத நாட்டுக்குப் பொட்டு கிடையாது

எது கிறிஸ்தவ நாடு, எது இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் இடம் ரோமாபுரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? இல்லவே இல்லை. அது ஊரூர் குப்பத்தில், வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் பின்னால், 'மேப்பு' அண்ணனின் மீன்கடையில் இருக்கிறது.

கடைச் சுவரில் ஓர் உலக வரைபடம். கிறிஸ்தவ நாடுகளுக்கெல்லாம், அவர் மனைவியிடமிருந்து கிளப்பிய ஸ்டிக்கர் பொட்டு. அது லேசில் கிடைத்துவிடாது. பெசன்ட் நகர் கடற்கரைக்கு வரும் வெளிநாட்டுக்காரர் ஒருவரையும் விடாமல் நிறுத்தி விசாரிப்பார். உங்கள் ஊரில் மாதா கோவில் உண்டா என்று கேட்கமாட்டார். மாதா தேரேறித் தெருவுக்கு வருவாளா என்றுதான் கேட்பார். ஆமாம் என்ற பிலிப்பைன்ஸ்காரருக்கு அரைக்கிலோ இறால் இலவசம். உதட்டைப் பிதுக்கிய தம்பதியால் ஜெர்மனி இன்றுவரை வெறும் நெற்றியோடு இருக்கிறது.

மீனே சாப்பிடாத உங்களுக்கு அங்கே என்ன வேலை என்று என் மனைவி கேட்பாள். நான்தான் மொழிபெயர்ப்பாளர். ஒருமுறை டென்மார்க் பெண்மணியிடம் கையைக் காலை ஆட்டித் தேரை விளக்கினேன். அவர், வேண்டாம், நடந்தே போய்க்கொள்கிறேன் என்று நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்படி இருக்கும்போது அண்ணனின் மகள் ஸ்டெல்லாவுக்கு நார்வேயில் நர்ஸ் வேலை கிடைத்தது. வரைபடத்தில் நார்வேக்குப் பொட்டு இல்லை. போகக்கூடாது என்றுவிட்டார் மனிதர். அங்கே எத்தனையோ காலத்துக் கோவில்கள் இருக்கின்றன என்று நான் வாதாடினேன்.

"கோயில் கீது சார். மாதா உள்ளயே குந்திக்கினு இருந்தா, தெருவுல தனியா அழுதுக்கினு போற என் பொண்ண யார் சார் பாப்பாங்க?"

வெள்ளிக்கிழமைக்குள் ஸ்டெல்லா சம்மதம் சொல்லியாக வேண்டும். வியாழன் சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"ஒரே ஒரு பொய் சொல்லுங்க அங்கிள். நீங்க சொன்னா நம்புவாரு."

சொன்னேன். நார்வேயில் பிரமாதமான தேர் உண்டு, நம்ம ஊர்த் தேரைவிட ஓர் அடி உயரம் என்று கூசாமல் அளந்தேன். அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். போகட்டும், ஆனால் போட்டோ வந்தால்தான் பொட்டு என்றார்.

மாதா திருவிழா நெருங்க நெருங்க நான் அந்தப் பக்கமே போகவில்லை. கடைசியில் ஆள் விட்டுக் கூப்பிட்டார். கையில் செல்போன். போட்டோவில் மழைக்கோட்டு போட்ட ஏழெட்டுப் பேர்: மலையாளி நர்ஸுகள், பிலிப்பைன்ஸ் பெண்கள், ஒரு நைஜீரிய டாக்டர். ஆஸ்பத்திரித் துணி தள்ளும் வண்டிக்கு சீரியல் பல்பு சுற்றி, மாதாவை ஏற்றி, தெருவில் தள்ளிக்கொண்டு போகிறார்கள். முன்னால் ஸ்டெல்லா, வாயெல்லாம் பல்.

"நீ பொய்தான் சொன்னேன்னு அன்னிக்கே தெரியும் சார்," என்றார் அண்ணன். "ஆனா அவ அங்க போய் மாதாவ தெருவுக்கு இஸ்துக்கினு வந்துட்டா பாரு."

இருப்பதிலேயே பெரிய பொட்டாக எடுத்து ஒட்டினார். அது ஸ்வீடனையும் சேர்த்து மறைத்துவிட்டது. இருக்கட்டும், பக்கத்து ஊர்தானே என்று விட்டுவிட்டார்.

இப்போதெல்லாம் வேறு எங்கே உலக வரைபடத்தைப் பார்த்தாலும் என் கண் நார்வேக்குத்தான் போகிறது. பொட்டில்லாத அந்த நாட்டைப் பார்க்க மனசுக்கு என்னவோ போலிருக்கிறது.