ஒன்பது வீட்டுத் தண்ணீர் முறையும் முப்பத்தொரு பிளகின்களும்

செவிலிமேடு,
வியாழக்கிழமை.

பெங்களூரில் பேரோடும் புகழோடும் வேலை பார்த்துவரும் மாப்பிள்ளை பாண்டியனுக்கு, மாமனார் உமாபதி ஆசிகளுடன் எழுதுவது. இவ்விடம் நானும் உங்கள் அத்தை பட்டம்மாளும் வரதர் புண்ணியத்தில் சௌக்கியம். அவ்விடம் நீங்களும் என் மகள் துர்காவும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் மேலே செல்கிறேன். போனில் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன் மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள். மீட்டிங்கில் இமெயில் படிக்கலாம் என்று துர்கா சொன்னாள்.

பொங்கலுக்கு வந்தபோது உங்கள் பழைய லேப்டாப்பை என்னிடம் கொடுத்து, புரோகிராம் எழுதும் எடிட்டரைத் திறந்து காட்டி, "வேண்டிய பிளகின் எல்லாம், அதான் எடிட்டரோட சேர்த்துக்கற கூடுதல் வசதிங்க, போட்டிருக்கேன் மாமா, இது போதும், வேற எதுவும் தொடாதீங்க" என்றீர்கள். மறக்கவில்லை. ஆனால் முப்பத்து நான்கு வருடம் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் நான். இருக்கிற பஸ்ஸே போதும் என்று யாராவது சொல்லி நான் கேட்டதுண்டா?

விஷயம் இதுதான். எங்கள் தெருவில் ஒன்பது வீட்டுக்கும் ஒரே மோட்டார். எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று பட்டியல் போடுவது என் பொறுப்பு. போன மாதம் எதிர்வீட்டு ரேணுகாம்பாள் அந்தப் பட்டியலை நடுத்தெருவில் கிழித்துப் போட்டு, "உங்க வூட்டுக்கு மட்டும் காலைல ஆறு மணி, எங்களுக்கு மட்டும் மத்தியானம் ரெண்டா? நல்லாக்கீதுபா நாயம்!" என்றார். மற்றவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதுதான் என்னைச் சுட்டது, மாப்பிள்ளை. டெப்போவில் ஒரு டிரைவர்கூட என்னை ஓரவஞ்சனைக்காரன் என்று சொன்னதில்லை. "இனிமே நான் போடலமா, கம்ப்யூட்டர் போடும். ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டேன்.

வீடியோ பார்த்து பைத்தான் ஓரளவு பிடிபட்டது, ஆனால் எழுத்தெல்லாம் வெள்ளையாக இருந்தால் எனக்குத் தூக்கம் வருகிறது, அதனால் வண்ணம் பூசும் பிளகின் ஒன்று போட்டேன், திரை அரக்கு உடம்பும் பச்சைக் கரையுமாக முகூர்த்தப் புடவை மாதிரி ஆகிவிட்டது, சரி இருக்கட்டும் என்று எழுத்துப்பிழை காட்டும் பிளகினையும் போட்டேன், அது நான் இங்கிலீஷில் அடித்திருந்த ஒன்பது வீட்டுக்காரர் பேருக்கும் அடியில் சிவப்புக் கோடு இழுத்தது, அந்த நேரம் பார்த்து வேவு பார்க்க வந்த ரேணுகாம்பாள், "எம் பேருக்கு இன்னாத்துக்குச் செவப்புக் கோடு?" என்றார். "மெஷினுக்கு உங்க பேர் தெரியலமா" என்றேன். "முப்பது வருசமா இதே தெருவுல குடித்தனம் பண்ணிக்கினு கீறேன், தெரியலயா அதுக்கு?" என்றார். சமாதானப்படுத்த அவசரமாகத் 'திருத்து' என்பதை அழுத்தினேன், அவர் பேரில் பாதி 'கேம்பிள்' ஆகிவிட்டது, சூதாட்டம் என்று அர்த்தமாம், நல்லவேளை அவர் கண்ணாடி போட்டு வரவில்லை. அந்தப் பிளகினை அடக்க இன்னொன்று, அதைக் கவனித்துக்கொள்ள வேறொன்று என்று சனிக்கிழமை மாலைக்குள் முப்பத்தொன்று போட்டுவிட்டேன்.

ஞாயிறன்று ஒன்பது வீடும் நம் கூடத்தில். நான் கம்பீரமாக 'சேமி' என்று அழுத்தினேன். முப்பத்தொன்றில் ஏதோ ஒன்று வரிகளை ஆங்கில அகர வரிசையில் அடுக்கும் சரக்கு போலிருக்கிறது. அப்பாதுரை வீடு ஆறு மணிக்கு ஏறிவிட்டது, ரேணுகாம்பாள் பத்து மணி, உமாபதியாகிய நான் கடைசி, மத்தியானம் இரண்டு மணி! ரேணுகாம்பாள்தான் முதலில் பேசினார். "கம்ப்யூட்டர் வச்சிருக்கிறவரையே கடைசில தள்ளிக்கீது பாரு! இதாம்பா நேர்மை." எல்லோரும் கை தட்டினார்கள். உங்கள் அத்தை மட்டும், "ரெண்டு மணிக்குத் தண்ணி வந்தா நான் எப்போ ஒல வெக்கிறது?" என்றாள். வரிசை மாறியது நான் கேட்டு நடந்ததில்லை என்பதை உங்களைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. நான்கு நாளாகத் தெருவில் ஒரு சண்டை இல்லை. போகிறபோது அப்பாதுரை என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போகிறார்.

எடிட்டரில் உங்களுக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் கூச்சப்படாமல் கேளுங்கள். இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் அலையாமல், குறைவின்றி வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
அன்பு மாமா,
க. உமாபதி.

பி.கு.: இதை அனுப்பப்போகும் நேரத்தில் துர்கா போன் செய்தாள். "அப்பா, அந்த எடிட்டர்ல இவரு அக்கவுண்ட்டுதாம்பா கீது! நீ அங்க எதப் போட்டாலும் இங்க இவரு ஆபீஸ் மெஷின்லயும் வந்து உக்காந்துக்குது. இன்னான்னே தெரியாம நாலு நாளா முழிச்சிக்கினு கீறாரு. இன்னிக்கி மேனேஜர் எதிர்ல சேவல் கூவுதாம்பா!" என்றாள். தப்பு வந்தால் சேவல் கூவும் பிளகின்; நான் போட்டதுதான். இங்கே இதுவரை இரண்டு முறைதான் கூவியது. அங்கே காலையிலிருந்து ஓயவில்லையாம். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. நீங்கள் கலங்க வேண்டாம். உடனே உட்கார்ந்து எல்லாப் பிளகினையும் நீக்கிவிட்டேன். பேர் தெரியாதவை சிலவும் இருந்தன, அவற்றையும் விடவில்லை. நான் போட்டது முப்பத்தொன்று. நீக்கியது நாற்பத்தெட்டு.