கேள்வி அண்ணாச்சியின் ஏழாவது மாடி

ஹைதராபாத்தில் பிளாட் விற்றுப் பிழைக்கிற அத்தனை பேரும் ஒருநாளாவது எங்கள் கேள்வி அண்ணாச்சியைப் பார்த்து பாத்ரூமில் ஒளிந்திருப்பார்கள்.

மாதாப்பூரில் எங்கள் ஆபீசில் சாப்ட்வேரில் குறை கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. திருநெல்வேலிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். நிஜப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். வாடகை வீட்டிலேயே காலம் தள்ளியவர், ரிட்டயர் ஆவதற்குள் சொந்தமாக ஒரு பிளாட் என்று தன் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்த அம்மாவை நாங்கள் மைனி என்போம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பில்டர்கள் ஓசியில் ஏசி பஸ் விட்டு, ஊருக்கு வெளியே இடம் காட்டி, பிரியாணியும் போடுவார்கள். அண்ணாச்சி ஒன்றையும் விடமாட்டார், என்னையும் இழுத்துக்கொண்டு போவார். முதல்முறை வீடு வாங்க வந்த இளம் ஜோடிகள் நீச்சல் குளத்தின் ஆழத்தை விசாரித்துக்கொண்டிருக்க, இவர் எழுந்து நிற்பார். மழை பெய்தால் தண்ணீர் எங்கே நிற்கும்? வில்லங்கச் சான்று எங்கே? நிலத்துக்காரருக்குத் தங்கச்சி எத்தனை பேர்?

"சிஸ்டர் எதுக்கு சார்?" என்று விற்கிற பையன் விழிப்பான்.

நாளைக்குப் பங்கு கேட்டு கோர்ட்டுக்கு வரப்போவது தங்கச்சிதான் என்று அண்ணாச்சி விளக்கி முடிப்பதற்குள், பந்தலில் பாதிப் பேர் செருப்பைத் தேடுவார்கள். ஒரு கம்பெனி அவர் பஸ் ஏறும்போதே பிரியாணியைக் கையில் கொடுத்துவிட்டது. வாய் நிறைந்திருந்தால் பேசமாட்டார் என்று நம்பிக்கை. அண்ணாச்சி லெக் பீசை நீட்டியே அடுத்த கேள்வியைக் கேட்டார்.

அப்படிப்பட்ட மனுஷர் ஒரு ப்ரீ-லாஞ்ச் ஆபீசில் போய் விழுந்தார். அனுமதி வருவதற்கு முன்பே மொத்தப் பணத்தையும் கட்டினால் பாதி விலை என்பதுதான் அங்கே வியாபாரம். எந்த பேங்கும் அதற்குக் கடன் தராது. மற்ற இடமாக இருந்தால் இது ஒன்றே போதும், பில்டரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். ஆனால் இங்கே உட்கார்ந்திருந்த பையன், "வாங்க அண்ணாச்சி, நமக்கு எந்த ஊரு? எனக்குத் திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலு" என்றான். வருஷக்கணக்கில் தெலுங்கும் ஹிந்தியும் கேட்டுக் காய்ந்துபோன காதில் அது தேனாகப் பாய்ந்தது. சாயங்காலம் வரை ஊர்க்கதை பேசினார்கள். பி.எஃப். பணம் போனது. மைனியின் நகையும் போனது, கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் மிச்சம்.

ஏழாவது மாடியில் மூன்று பெட்ரூம் என்று பேச்சு. அஸ்திவாரத்துக்குத் தோண்டிய பள்ளத்தோடு வேலை நின்றது. ஆபீசுக்குப் பூட்டு. முக்கூடல் பையனின் போன் அணைந்தே கிடந்தது.

பிறகும் அண்ணாச்சி ஞாயிறு தவறாமல் அங்கே போனார். ஒருநாள் நானும் கூடப் போனேன். பள்ளம் நிறைய மழைத் தண்ணீர். அண்ணாச்சி வானத்தைக் காட்டினார்.

"அந்தா பருந்து சுத்துதுல்லா, அதான் நம்ம ஹாலு. கொஞ்சம் எடப்பக்கம் பாரு, நீ வந்தா தங்குத ரூமு."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. "மைனி என்ன சொல்றாங்க அண்ணாச்சி?" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. 'அவன்கிட்ட ஒரு கேள்வியாவது கேட்டியளா'ன்னா."

"கேட்டீங்களா?"

"கேட்டேன். 'சாப்பிட்டியால'ன்னு கேட்டேன்."

அதோடு அவர் வாயில் கேள்வியே வரவில்லை. ஆபீசில் எந்த சாப்ட்வேரை நீட்டினாலும் சரி என்று அனுப்பிவிட்டார். அவரிடம் தினமும் திட்டு வாங்கிய மேனேஜரே பயந்துபோய், "ஏமைந்தி, என்ன ஆச்சு சாருக்கு?" என்று என்னிடம் விசாரித்தார்.

போன மாதம் மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் நான் வீடு பார்க்கக் கிளம்பினேன். அண்ணாச்சியையும் வலுக்கட்டாயமாக பஸ்ஸில் ஏற்றினேன். பந்தல் மூலையில் பிரியாணித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வாய்கூட வைக்காமல் உட்கார்ந்திருந்தார். விற்கிற பையன் நீச்சல் குளத்துக்கு வந்தபோது நான் எழுந்து நின்றேன்.

"நிலத்துக்காரருக்குத் தங்கச்சி எத்தனை பேர்?" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டேன். பையன் விழித்தான். மூலையிலிருந்து மெல்ல ஒரு சத்தம் வந்தது.

"அக்காமாரையும் கேளு டே."

பிளாட் வாங்காமல் திரும்பினோம். பஸ்ஸில் அண்ணாச்சி என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். கச்சிபௌலியில் நாங்கள் இறங்க வேண்டிய இடம் வந்தும், அவரை எழுப்ப எனக்கு மனசு வரவில்லை.