மாமா பட்டறையில் நான் மாட்டிய பெட்டி

கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஒருவன் உங்கள் வேலையிடத்தைச் சீர்திருத்த வந்தால், நாற்காலி போட்டு, ஒரு சாயா வாங்கிக் கொடுத்து, அப்படியே ரயிலேற்றி அனுப்பிவிடுங்கள். பேச விட்டால் கெட்டீர்கள். அப்படி ஒருவன் தாராவியில் ஞானதுரை மாமாவின் தோல் பைப் பட்டறைக்குள் புகுந்து, பத்தே நாளில் அதை உண்டு இல்லை என்று ஆக்கினான். அந்தப் பிரகஸ்பதி நான்தான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பாந்த்ரா பக்கம் ஒரு கம்பெனியில் மனிதவளப் பிரிவில் வேலை. பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். யாருக்குப் பிறந்தநாள் என்று பார்த்து கேக் வாங்கி வருவது, பலூன் ஊதுவது (ஊதுவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு), ராஜினாமா செய்கிறவரிடம் ஏன் போகிறீர்கள் என்று கேட்டு அவர் சொல்லும் பொய்யைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. இதற்குத்தான் அந்த அட்டை.

அந்தக் கம்பெனி எங்களைச் செம்பூரில் ஒரு ஹோட்டல் ஹாலில் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பியது. உற்பத்தியைப் பெருக்குவது எப்படி, வேலையிடத்தில் நல்ல சூழலை வளர்ப்பது எப்படி என்று பாடம். பயிற்சியாளர் தன் வாழ்நாளில் ஒரு ஸ்டூலைக்கூட நகர்த்தி வைத்திருக்க மாட்டார் என்பது அவர் கையைப் பார்த்தாலே தெரியும். ஆனால் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். "ஊழியர் வாயைத் திறந்தால் கம்பெனி வளரும். மனசு தாய்மொழியில்தான் திறக்கும்" என்று மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டு சொன்னார். நான் ஒரு நோட்டு முழுக்க எழுதிக்கொண்டேன். (நோட்டு இன்னும் இருக்கிறது. சமையலறை ஸ்டூலின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறோம். அது செய்யும் ஒரே உருப்படியான வேலை.)

மாமா பட்டறையைத் தேடிப் போனதற்குக் காரணம் ஜெசி. ஞானதுரை மாமா என் அம்மாவின் அண்ணன். ஜெசி அவருடைய ஒரே மகள், எனக்கு முறைப்பெண். இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, ஒரு கண் ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் இருந்தாள். எங்கள் இருவருக்குள்ளும் எல்லாம் மாட்டுங்கா ஸ்டேஷன் பிளாட்பாரத்திலேயே பேசி முடிந்திருந்தது. மாமா சம்மதிக்க வேண்டியதுதான் பாக்கி. அம்மா நாங்கள் குடியிருந்த லேபர் கேம்ப்பிலிருந்து நடந்தே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். மாமா சொன்ன பதில் இது:

"பய நல்லவந்தான். ஆனா அந்தக் கம்பெனியில இவன் என்ன வேலை செய்யான்னே எனக்கு வெளங்கலயே. கிறிஸ்துமஸ் கழியட்டும், பாப்போம்."

விளங்கவில்லையா? விளங்க வைக்கிறேன் என்று பத்து நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். பட்டறை சீரானால் கல்யாணம் என்பது என் கணக்கு. பட்டறை ஏற்கெனவே சீராகத்தான் இருந்தது என்பது என் கண்ணில் படவில்லை.

கீழே பட்டறை, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே மாமா வீடு. கீழே ஒரு கட்டிங் டேபிள், ஏழு மிஷின், பதினான்கு பேர். கட்டிங் மாஸ்டர் முருகேசன் அண்ணன் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். நெற்றியில் திருநீறு இல்லாமல் கத்தியைத் தொட மாட்டார். தோலை விரித்து விரலால் ஒரு தடவு தடவினால் போதும், எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்று அவருக்குத் தெரிந்துவிடும். மிஷினில் இருந்த சுரேஷ் தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவன், என் வயது. டிசம்பர் முதல் வாரம் மாஹிம் வியாபாரி ஒருவருக்குப் பைகளை முடித்துக் கொடுக்க வேண்டும். எல்லாரும் தலை குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தலைகளை நிமிர்த்துவதுதான் என் முதல் சீர்திருத்தம்.

காலை ஒன்பது மணிக்கு எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்தேன். ஒவ்வொருவரும் அன்றைக்கு நடந்த ஒரு நல்ல விஷயத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் மூன்று முறை கை தட்ட வேண்டும்.

"நல்ல விஷயம்னா என்னது தம்பி?" என்றார் முருகேசன் அண்ணன்.

"மனசுக்குச் சந்தோஷமா இருந்தது ஏதாவது ஒண்ணு சொல்லுங்கண்ணே."

வெகுநேரம் யோசித்தார். "காலைல குழாயில தண்ணி வந்துச்சு."

கை தட்டினோம். அடுத்தவருக்கும் தண்ணீர் வந்திருந்தது. அதற்கு அடுத்தவருக்கும் வந்திருந்தது. பதினான்கு பேரும் அதே தண்ணீரைச் சொல்ல, நாற்பத்திரண்டு முறை கை தட்டினோம்.

"சாம் பாய், யே ரோஜ் கர்னா ஹை க்யா?" என்றான் சுரேஷ். "தெனமும் இதச் செஞ்சா வேல எப்ப பாக்குறது?"

எதிர்ப்பு வந்தால் மாற்றம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம் என நோட்டில் எழுதியிருந்தது. உள்ளுக்குள் மகிழ்ந்தேன்.

மறுநாள் ஃபோனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு முருகேசன் அண்ணனின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். ஒரு பைக்குத் தோல் வெட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பதாக யோசனை. அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஓடுதா?"

"ஓடுதுண்ணே."

"அப்பம் அது ஓடட்டும்" என்று கத்தியை வைத்துவிட்டு வெளியே போனார். இருபது நிமிடம் கழித்து வந்து, எவ்வளவு ஓடியிருக்கிறது என்று அக்கறையாக விசாரித்தார். நான் அதையும் குறித்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் நான் பின்னால் நின்ற கோலத்தில் அவர் கை நழுவி ஒரு நல்ல தோல் குறுக்கே கிழிந்தது. பதினைந்து வருடத்தில் முதல் தடவையாம். அதைக்கூட நான் குறித்துக்கொண்டேன் என்று இப்போது எழுதும்போது காது சுடுகிறது.

மூன்றாம் நாள் சாயாவில் கை வைத்தேன். பதினொரு மணிக்கு எல்லாரும் ஒன்றாக வேலையை நிறுத்திச் சாயா குடிப்பது என் கண்ணை உறுத்தியது. மூன்று கோஷ்டியாகப் பிரித்து, ஒரு கோஷ்டி குடிக்கும்போது மற்றவர்கள் வேலை பார்க்க வேண்டும் என்று அட்டவணை ஒட்டினேன். தோலில் பசை தடவினால் கொஞ்ச நேரம் காய விட்டுத்தான் ஒட்ட வேண்டும். அந்த நேரத்துக்குத்தான் சாயா. இது பதினான்கு பேருக்கும் தெரியும், சாயாக் கடைக்காரருக்கும் தெரியும், தெரியாதவன் நான் ஒருவன். என் அட்டவணைப்படி ஈரப் பசையிலேயே ஒட்டினார்கள். மறுநாள் காலை பார்த்தால் ஒரு மூட்டைப் பைகளும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. மூன்றாவது கோஷ்டிக்குச் சாயாவும் ஆறிப்போயிருந்தது.

மாமா தங்கச்சி மகன் என்று பொறுத்தார். பைகளைப் பிரித்துத் திரும்ப ஒட்டச் சொல்லிவிட்டு ஏணியேறிப் போனார்.

இத்தனைக்குப் பிறகும் எனக்கு உறைத்ததா என்றால் இல்லை. ஊழியர் வாய் திறக்காததுதான் குறை என்று முடிவு கட்டி, ஐந்தாம் நாள் ஒரு பிளைவுட் பெட்டி செய்து, பூட்டுப் போட்டுச் சுவரில் மாட்டினேன். பக்கத்தில் துண்டுக் காகிதம். ஆளுக்கொரு பேனா, மாட்டுங்காவில் வாங்கியது. மேலே அறிவிப்பு: 'மனதில் உள்ளதைத் தமிழில் மட்டும் எழுதுங்கள். பெயர் வேண்டாம். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது.'

"இதுல என்னல விழும்?" என்றார் மாமா.

"உண்மை விழும் மாமா."

"விழட்டும்" என்றார்.

இரண்டு நாள் ஒன்றும் விழவில்லை. மூன்றாம் நாளிலிருந்து விழத் தொடங்கியது. மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொருவராக ஏணியேறி மேலே போய் வருவதைப் பார்த்தேன். தண்ணீர் குடிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் சனிக்கிழமை சாயங்காலம் பெட்டி திறப்பு விழா. என் வெற்றியைப் பார்க்க அம்மாவையும் வரச் சொல்லியிருந்தேன். மாமா நாற்காலியில். ஜெசி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து வாசலில் நின்றாள். மாமாவின் மனைவி லீலா அத்தை ஏணியின் மேல்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் பூட்டைத் திறந்து முதல் சீட்டை உரக்கப் படித்தேன்.

"கர்த்தருக்குள் அன்பான முதலாளி அவர்களுக்கு ஸ்தோத்திரம். இக்கடிதம் தங்களைப் பூரண சுகத்தோடு சந்திக்கும் என்று நம்புகிறேன். மேலும், மூன்றாவது மிஷினுக்கு மேலே உள்ள ஃபேன் சுற்றுவதில்லை."

கை தட்டச் சொன்னேன். தட்டினார்கள். இரண்டாவது சீட்டை எடுத்தேன். "கர்த்தருக்குள் அன்பான முதலாளி அவர்களுக்கு ஸ்தோத்திரம்." மூன்றாவதும் அப்படியே. பத்து நாளில் எப்பேர்ப்பட்ட ஒற்றுமையை வளர்த்துவிட்டோம் என்று எனக்குப் புல்லரித்தது.

மாமா முருகேசன் அண்ணனின் நெற்றியைப் பார்த்தார். "நீரு எப்பம்வே ஞானஸ்நானம் எடுத்தீரு?"

அவர் கத்தியைத் துடைக்க ஆரம்பித்தார். நான் நிறுத்தியிருக்கலாம். ஒன்றையும் விடாமல் படிக்க வேண்டும் என்று நோட்டில் இருந்ததே.

"மேலும், சாம் தம்பி ஃபோனைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பதால் கத்தி நழுவுகிறது." அடுத்தது. "மேலும், சாம் தம்பி வந்ததிலிருந்து சாயா ஆறுகிறது, பசை ஒட்டவில்லை." அடுத்தது. "மேலும், காலையில் கை தட்டும் சத்தம் கேட்டு ஜெபக்கூட்டம் என்று நினைத்து இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார்கள்." என் குரல் இறங்கிக்கொண்டே போனது. அதற்கடுத்த சீட்டைப் படித்திருக்கவே வேண்டாம். "மேலும், இந்தத் தம்பிக்கு ஒரு கம்பெனி சம்பளம் கொடுத்து வருவதாக அறிகிறோம். அந்தக் கம்பெனிக்காக ஜெபித்து வருகிறோம்."

மாமா எழுந்து வந்து சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது லீலா எழுத்துல்லா?"

"ஆமா" என்றாள் அத்தை, பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "தமிழ்லதான் எழுதணும்னு இவன் எழுதி ஒட்டியிருக்கான். யாருக்கு எழுத வருது? மேல வந்து சொன்னாவ, எழுதிக் குடுத்தேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெரியவர்கள் ஊரில் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். சுரேஷ் வயதுக்காரர்கள் படித்ததெல்லாம் ஹிந்தியும் மராட்டியும். அந்தச் சந்தில் கோணாமல் தமிழ் எழுதத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் சபையின் பெண்கள் சங்கச் செயலாளர் லீலா அத்தை. சங்கக் கடிதம் எழுதிப் பழகிய கைக்கு வேறு ஆரம்பம் வராது. முருகக் கடவுளைக் கும்பிடுகிறவர் சொன்னாலும் கர்த்தரில்தான் தொடங்கும்.

பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையைப் பற்றி நாலு இடத்தில் விசாரிப்பது வழக்கம். தன்னைப் பற்றி விசாரிக்கத் தானே பெட்டி செய்து மாட்டி, பேனாவும் வாங்கிக் கொடுத்து, வந்த பதிலைப் பெண் வீட்டார் முன்னால் நின்று உரக்கப் படித்த மாப்பிள்ளை உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. ஜெசியை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"கம்பெனிக்கு ஆள் விட்டு விசாரிக்கணும்னு இருந்தோம்" என்றாள் அத்தை அம்மாவிடம். "அந்த வேலை மிச்சம் மைனி."

மாமா பெட்டியை ஆட்டினார். உள்ளே இன்னும் ஒன்று இருந்தது. எடுத்தார். எழுத்து வேறு. ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக, வரி மேலும் கீழுமாகப் போயிருந்தது. ஸ்தோத்திரம் இல்லை, பூரண சுகம் இல்லை. மூன்றே வரி. மாமா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"சாம் மக்கு. எனக்குத் தெரியும். பரவாயில்லை."

எல்லாரும் வாசலைப் பார்த்தோம். ஜெசி தன் கைப்பையின் ஜிப்பை ஆராய்ந்துகொண்டிருந்தாள். இங்கிலீஷ் மீடியக்காரி அந்த மூன்று வரியை எழுத எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாளோ, நான் இதுவரை கேட்டதில்லை. மாமா சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். முருகேசன் அண்ணன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நான் சொல்லிக்கொடுத்தபடியே மூன்று முறை கை தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

"நடத்திருவோம்" என்றார் மாமா. "ஆனா ஒண்ணு. இனி நீ இந்தப் பட்டறைக்குள்ள கால் வைக்கப்படாது."

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு எல்லாரும் ஒன்றாகச் சாயா குடித்தார்கள். பைகள் வாய் மூடி மாஹிமுக்குப் போய்ச் சேர்ந்தன. மே மாதம் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. நான் அதே வேலையில்தான் இருக்கிறேன், பதவிகூட உயர்ந்திருக்கிறது. எங்கள் ஆபீசில் மாடிக்கு ஒரு கருத்துப் பெட்டி மாட்டி வைத்திருக்கிறேன். சாவி என்னிடம்தான். ஒன்றைக்கூடத் திறந்ததில்லை.

போன கிறிஸ்துமஸுக்குக் கேக் தட்டோடு பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எட்டு வயது மகள் மட்டும் உள்ளே ஓடிப்போய் மாமா மடியில் உட்கார்ந்துவிட்டாள். "கர்த்தருக்குள் அன்பான தாத்தா அவர்களுக்கு ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தாள். (எங்கள் வீட்டில் யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் இப்படித்தான் ஆரம்பம்.) "மேலும், அப்பாவுக்குக் கால் வலிக்குதாம். உள்ளே வரலாமா?"

முருகேசன் அண்ணன் கத்தியைப் பத்திரமாக மேஜைக்கு அடியில் வைத்தார். மாமா பர்ஸிலிருந்து நாலாக மடித்த அந்தச் சீட்டை எடுத்து விரித்து, முதல் வரியில் விரலை வைத்துக் காட்டினார்.

மகளுக்கு அந்தச் சீட்டு மனப்பாடம். "தாத்தா, மூணாவது வரி?"

"அது ஒங்கம்மை பாடு" என்றார் மாமா.