அயப்பாக்கத்தில் ஒரு கடலோர இல்லம்

உலகக் கட்டடக் கலையில் இதுவரை நிகழ்ந்த முன்னேற்றங்கள் மூன்று. முதலாவது குகை. இரண்டாவது கூரை. மூன்றாவது, 1992-ஆம் ஆண்டு அயப்பாக்கம் ஏரிக்கரையில் திரு. மணவாளன் புதுப்பித்த ‘கடலோர இல்லம்’. கடல் அங்கிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அது கடலின் தவறு.

மணவாளன் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் இருபத்தெட்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மே முப்பத்தொன்றுக்குள் குவாட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அதற்குள் குடியிருக்க ஒரு வீடு வேண்டுமே என்பது மனைவி சாமுண்டீஸ்வரியின் அற்பக் கவலை. மணவாளனோ முடிவெட்டும் கடைப் பத்திரிகை ஒன்றில், வெளிநாட்டில் யாரோ பழைய கடலோர வீட்டைச் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்த நவீன இல்லமாக’ மாற்றிய படங்களைப் பார்த்துவிட்டிருந்தார். பாதி வெட்டிய தலையோடு எழுந்து போகாததுதான் குறை. வெள்ளைக்காரத் துரை ஒருவர் வாத்து சுடுவதற்காகக் கட்டிப்போட்ட ஏரிக்கரை பங்களாவை அந்த வாரமே வாங்கினார்.

கூட வேலை பார்த்த கலியமூர்த்தியும் திருமுல்லைவாயிலில் வீடு கட்டியிருந்தார். அளவில் அச்சு அசல் குவாட்டர்ஸ்: பத்துக்குப் பத்து அறை, கைக்கெட்டும் அலமாரி, இடதுபக்கம் ஜன்னல். டீக்கடையில் மணவாளன் தீர்ப்பு வழங்கினார்: “இருபத்தெட்டு வருஷம் ஜெயில்ல இருந்தவன், வெளிய வந்து சொந்தமா ஒரு ஜெயில் கட்டிக்கிட்டான்.”

தினமும் காலை பத்து மணிக்குத் ‘திட்டக் குழு’ கூடியது. தலைவர் மணவாளன். உறுப்பினர் கொத்தனார் வரதன். சாமுண்டீஸ்வரி, வாக்குரிமையற்ற பார்வையாளர். சிமென்ட் தடை செய்யப்பட்டது. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் கலந்த சுண்ணாம்புதான் பூச வேண்டும். மின்விசிறியும் தடை, ‘கடற்காற்று’ தானே வரும். அது தடுக்கி விழாமல் இருக்கக் குறுக்குச் சுவர்களை இடித்து, வீட்டை நாற்பதடி ஹாலாக்கினார்கள்.

“சார், இது காயறதுக்கே ரெண்டு மாசம் ஆவும்,” என்றார் வரதன். “நீங்க இந்த மாசமே ஊட்டுக்கு வரணும்ன்றீங்க.”

ஈரம் உடம்புக்குக் குளிர்ச்சி என்று குழுவின் குறிப்பேட்டில் பதிவாயிற்று.

மே இருபதாம் தேதி குடிபோனார்கள். வெல்லச் சுவரை எறும்புகள் ஒருமனதாக வரவேற்றன. ஏரி வற்றிக் கிடந்ததால் கடற்காற்று புழுதியாக வந்து சோற்றில் அமர்ந்தது. அடுப்பு ஒரு கோடியில், மணவாளனின் இலை மறு கோடியில். உப்பு கேட்க அவர் கத்தினார், கொண்டுவர அவள் நடந்தாள். ஐந்தாம் நாள் அவள் ஸ்டவ்வையும் பாயையும் தூக்கிக்கொண்டு, துரை துப்பாக்கி வைத்திருந்த பின்கட்டு அறைக்குப் போய்விட்டாள்.

“நான் இங்கயே இருந்துக்கறேங்க. நீங்க கடல்ல இருங்க.”

இரண்டு நாள் அவர் ஹாலைத் தனியாக ஆண்டார். மூன்றாம் நாள் அறை வாசலில் வந்து நின்றார்.

“உள்ள எடம் இருக்கா?”

“உக்காந்தா இருக்கு. நின்னா இடிக்கும்.”

முப்பத்தொன்றாம் தேதி குவாட்டர்ஸ் சாவியை ஒப்படைக்கப் போனவர், காலி வீட்டுக்குள் அரை மணி நேரம் இருந்தார். வெளியே வந்தபோது கையில் இஞ்ச் டேப் இருந்தது.

மறுநாள் குழு கூடியது. குறிப்பேடு திறக்கப்படவில்லை.

“வரதா, ஹால்ல ஒரு ரூம் எழுப்பு. பத்துக்குப் பத்து. அலமாரி நாலரை அடி ஒசரம். ஜன்னல் இடது பக்கம்.”

“சுண்ணாம்பா சார்?”

“சிமென்ட்டு.”

“கலரு இன்னா சார்?”

மணவாளன் வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். குவாட்டர்ஸ் சுவரில் சுரண்டிய அழுக்கு மஞ்சள் சில்லு ஒன்று.

“இது மாதிரியே வரணும்,” என்றார் மெதுவாக. “கலியமூர்த்தி அவசரப்பட்டுப் பச்சை அடிச்சுட்டான்.”